எலிக்குச் சரியானது அத்தைக்கும் சரியாகுமா?

நாகர்கோவில் கூட்டத்துக் காணொளியை இன்னும் எனக்கு அனுப்பாதவர்கள் இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "எலியிலேயே இதயத் துடிப்பு சீராகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று மேடையில் மூலிகை மருந்தைப் புகழ்ந்தவர் கேட்டதும் முன்வரிசைப் பெருமக்கள் தலையாட்டிய அழகையும் பார்த்தேன்.

எலியில் நடந்தது எலியில் நடந்தது. அவ்வளவுதான்.

எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுநிலை) படித்த காலத்தில் அந்த மாதிரி ஆய்வைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நோயே இல்லாத இளம் எலி. மயக்கம் கொடுத்து, அகோனிட்டின் ஏற்றுவார்கள். நம் வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடாத நாபிக் கிழங்கின் நஞ்சுதான் அது. சில நிமிடங்களில் இசிஜி தாறுமாறாகும். முன்கூட்டியே மருந்து கொடுத்த எலிக்கு அது தாமதமானால், மருந்தில் ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கான இரத்த அழுத்தத்தில் இதயத்தின் மேலறை வீங்கி, அதனால் துடிப்பு தவறும் மனிதருக்கும் அந்த எலிக்கும் என்ன உறவு?

சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும். நமக்கு 60 முதல் 100. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் நம் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பப் பெரிதும் நம்பியிருக்கும் பொட்டாசியம் வாயில் (செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழி) ஒன்றுக்கு, வளர்ந்த எலியின் இதயத்தில் பெரிய வேலை இல்லை. அதை அடைக்கும் மருந்து எலியை ஒன்றும் செய்யாமல் மனிதனைச் சாய்த்துவிடலாம். முயல், கினிப்பன்றி, நாய் என்று மேலே போவது அதற்காகத்தான்.

"உங்கள் ஆங்கில மருந்தும் எலியில் பார்த்ததுதானே?" என்பார்கள். ஆமாம், பார்த்ததுதான். மனிதரிலும் பார்த்தார்கள். மாரடைப்புக்குப் பின் துடிப்பு தவறியவர்களுக்கு துடிப்பைச் சீராக்கும் ஃபிளெக்கனைடு, என்கனைடு என்ற மருந்துகளைக் கொடுத்தார்கள். இசிஜி அழகாகச் சீரானது. 1991இல் வெளியான முடிவில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். துடிப்பு சீராவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல. மனிதரிலேயே இந்தக் கதி என்றால், எலியைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவரை என்ன சொல்வது?

"மூலிகையை மட்டம் தட்டுகிறாய்." டிஜாக்சின் என்ற இதய மருந்தே செடியிலிருந்து வந்ததுதான் ஐயா. நம் பக்கத்து ஒதளங்காயும் மூலிகைதான், இதயத்தில் நன்றாகவே வேலை செய்யும்: நிறுத்திவிடும்.

"அப்படியானால் விலங்குச் சோதனையே வீண்" என்று இன்னொரு கூட்டம் வரும். திருவனந்தபுரம் சித்ரா மருத்துவ நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வை முதலில் ஆடுகளில் பொருத்திப் பார்த்தார்கள்; பிறகு 1990இல்தான் மனிதருக்குப் பொருத்தினார்கள். ஆடு தேவைப்பட்டது, ஆட்டோடு நிற்கவும் இல்லை. இதற்கு மேல் இவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை.

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அத்தை அந்தக் காணொளியைப் பார்த்து, இதய மாத்திரையோடு, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. மருந்துக்கடையில் நிற்கும் மருமகன்தானே நான், மேடையில் நிற்பவனா? மூச்சு வாங்கி, நாடி கட்டுக்கடங்காமல் ஓடி, நள்ளிரவில் காரில் ஏற்றிக் களியக்காவிளையைத் தாண்டும்போதும், "மக்களே, எலிக்கே சரியாகிவிட்டதாமே" என்றார். திட்ட வாய் வரவில்லை. தற்செயல் என்பீர்கள். இருக்கட்டும். முன்வரிசையில் தலையாட்டியவர்களில் ஒருவரும் அந்தக் காரில் இல்லை. அவர்களில் சிலர் என் கடையில்தான் மாதந்தோறும் இதய மாத்திரை வாங்குகிறார்கள். கூட்டம் முடிந்த பிறகும் வாங்கினார்கள், ஒரு வேளைகூட விடாமல். பெயர் சொல்ல மாட்டேன், அது என் தொழில் தர்மம்.

அந்தக் காணொளிக்குக் கீழே என்னை மருந்துக் கம்பெனியின் கைக்கூலி என்று எழுதியவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எந்தக் கம்பெனி, எவ்வளவு கூலி என்றும் சொல்லிவிட்டால் போய் வாங்கிக்கொள்வேன், கடை வாடகை பாக்கி இருக்கிறது. அதற்கு முன், உங்கள் வீட்டில் யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.