பதினாறு முடிஞ்சும் வராத பாடைக் காசு

சித்தப்பா செத்து நாலு மாசமாச்சு. ஈமச்சடங்குக்குன்னு அரசாங்கம் தர்ற 5,000 ரூபாய் இன்னும் வரல. ஈமச்சடங்குக்குங்க! பொணம் நாலு மாசம் வாசல்ல காத்துக் கிடக்குமா?

உயிர் போனது விடியக்காலை. ஏழு மணிக்கே ஃப்ரீசர் பாக்ஸ்காரர் வந்து நிக்கிறாரு, பந்தல்காரர் நிக்கிறாரு, மேளத்துக்கு அட்வான்ஸ் கேக்குறாங்க. மாலை, கோடித்துணி, வர்றவங்களுக்குக் காபி, சுடுகாட்டுக் கூலின்னு எல்லாத்துக்கும் கைக்காசு. 155377க்கு அடிச்சா இலவச அமரர் ஊர்தி வரும்னாரு ஒருத்தர். அது அரசு ஆஸ்பத்திரியில செத்தவங்களுக்கு. இவரு வீட்டுல இல்ல போய்ச் சேர்ந்தாரு! அடகுக்கடை எப்ப திறக்கும்னு காத்திருந்து சித்தியோட தோட்டை வெச்சோம்.

முப்பது வருஷக் கொத்தனார். கம்பெனி வேலைன்னா இஎஸ்ஐங்கிற தொழிலாளர் காப்பீட்டுல ஈமச்சடங்குக்கு 15,000 வரைக்கும் உண்டு, சாரத்துல நிக்கிற மனுசனுக்கு ஏது இஎஸ்ஐ? தொழிலாளர் நல அட்டை இருந்துச்சு, அந்த 5,000 அதுலதான் வரணும். அட்டையில பேருக்கு ஒரு எழுத்து, ஆதார்ல வேற எழுத்து. இறப்புச் சான்றிதழ் கொண்டா, வாரிசுச் சான்றிதழ் கொண்டா, நாளைக்கு வா, சர்வர் இல்ல. சித்தி இதுவரைக்கும் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் செலவழிச்சதைக் கணக்குப் போட்டா எனக்குத் தலை சுத்துது.

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு. வருஷம் 436 ரூபாய் பிடிப்பாங்களே, பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, அதுல 48 வயசுலயே சேர்ந்திருக்காரு. செத்தா 2 லட்சம். பாஸ்புக்கைப் பார்த்தா, போன மே மாசக் கடைசியில அக்கவுண்ட்ல கிடந்தது 212 ரூபாய். பிரீமியம் பிடிக்கல, பாலிசி போச்சு. சாகும்போது வயசு 54, 55 வரைக்கும் பாதுகாப்பு உண்டு. 224 ரூபாய் பத்தாம 2 லட்சம்! எஸ்எம்எஸ் வந்துச்சாம், இங்கிலீஷ்ல. அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

ஆபீஸை மட்டும் திட்டி என்ன பண்றது. நாங்க படிச்சவங்க நாலு பேரு இருக்கோம், ஒருத்தனாவது அந்த பாஸ்புக்கை வாங்கிப் பார்த்திருப்போமா? கல்யாணத்துக்குச் சீட்டு, காதுகுத்துக்குச் சீட்டு, சாவுக்கு மட்டும் வாயே திறக்கக்கூடாது. நேத்து எங்கப்பாகிட்ட கேட்டேன், "உங்க அக்கவுண்டுக்கு நாமினி யாருப்பா?"ன்னு. அவரு பதில் சொல்றதுக்குள்ள அம்மா அடுப்படியிலிருந்து கத்துறாங்க: "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேச்சு இது!"

காலையில கேட்டப்பவும் திட்டுதான்.