அது கூட்டாஞ்சோறு இல்லை

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த வீடியோவைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே பகிரப் போவதில்லை, ஏற்கெனவே தேவைக்கு மேல் ஓடிவிட்டது. ஜப்பானில் ஷூட் பாக்ஸிங் என்ற சண்டை விளையாட்டைத் தொடங்கிய சீசர் தகேஷியைப் பற்றி "கிக் பாக்ஸிங்கில் தேறாமல் நாலைந்து கலையை அள்ளிப் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கியவர்" என்று ஒருவர் சொல்கிறார். கீழே வரிசையாக ஹாஹா. நான் மறுத்து எழுதியதற்கு வந்த பதில்: "அண்ணே, ஷூட்டோவும் ஷூட் பாக்ஸிங்கும் ஒண்ணுதானே, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?"

ஒண்ணு இல்லை தம்பி. ஷூட்டோ, ஜப்பானிய மல்யுத்த வீரர் சடோரு சயாமா தொடங்கிய வேறொரு சண்டை விளையாட்டு. அதில் தரையில் விழுந்த பிறகும் சண்டை தொடரும். ஷூட் பாக்ஸிங், சீசர் தகேஷி 1985-ல் தொடங்கியது. குத்தலாம், உதைக்கலாம், முழங்காலால் இடிக்கலாம். கூடவே ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடலாம், நின்றபடியே கழுத்தை நெரிக்கலாம், கையை மடக்கிப் பூட்டலாம். கீழே விழுந்தால் ரெஃப்ரி நிறுத்தி எழுப்பிவிடுவார். வரலாறு சொல்ல உட்கார்ந்தவருக்கு இந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை என்றால் நான் டென்ஷன் ஆகத்தான் செய்வேன்.

கூட்டாஞ்சோறு என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொண்டால் நாலாவது அடிக்குள் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிவிடுவார்கள். ஒட்டியபின் என்ன செய்யலாம் என்பதை விதிதான் சொல்கிறது. 1966-ல் ஒசாமு நோகுச்சி ஜப்பானில் கிக் பாக்ஸிங்கைத் தொடங்கியபோது தூக்கிப் போடுவதற்கும் அனுமதி இருந்தது. பிறகுதான் தடை வந்தது. அப்படியிருக்க சீசர் எதை வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தார்? பூட்டியிருந்த ஒரு கதவைத் திறந்தார். அதற்கப்பால் நின்றபடி பூட்டும் பிடிகளுக்கும் இடம் கொடுத்தார். கதவைத் திறப்பதும் கூட்டாஞ்சோறு ஆக்குவதும் ஒன்றில்லை.

அவர் அதைச் செய்த காலத்தையும் பாருங்கள். எழுபதுகளில் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த ஜப்பானிய கிக் பாக்ஸிங், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒளிபரப்பு இல்லாமல், சங்கங்கள் துண்டு துண்டாகி நின்றது. யமாகுச்சியில் பிறந்து, கிக் பாக்ஸராகவே வளர்ந்த ஒருவர் அந்த நேரத்தில் யு.டபிள்யு.எஃப். என்ற ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தின் வீரர்களுக்கு உதை சொல்லிக்கொடுத்தார். மல்யுத்தக்காரர்களின் பிடியைப் பக்கத்திலிருந்து பார்த்த கிக் பாக்ஸர் அவர். இது தேறாதவன் கதையா?

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. கிக் பாக்ஸிங்குக்கு வருமுன் நாலு வருடம் ஜூடோ பழகியவன் நான். ஒரு மாவட்டப் போட்டி, இரண்டாவது ரவுண்டு. முழங்காலால் இடிக்க என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டான் எதிரே நின்றவன். என் இடுப்பு தானாக உள்ளே போனது. க்ளவுஸ் போட்ட கையால் எதையும் பிடிக்க முடியாது, மணிக்கட்டை மடக்கி அவன் இடுப்பில் கொக்கி போட வேண்டும். அவன் கழுத்தில் தடவியிருந்த தைலத்தின் நெடி மூக்கில் ஏற, முழு எடையும் என் முதுகில் ஏறிப் புரண்டு, மல்லாக்க விழுந்தான். எனக்கு ஒரு பாயிண்ட் வெட்டு. அந்த ஒரு பாயிண்ட்டில்தான் தோற்றேன். எங்கள் மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "குஸ்தி போடணும்னா வேற இடம் பாத்துக்கோ."

அந்த வருடம்தான் ஷூட் பாக்ஸிங் மேட்ச் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தேன். நீளக் கால்சட்டை மாதிரி இறுக்கமான டைட்ஸ் போட்ட ஒருவர், அதே இடுப்பு, அதே வீச்சு. அவருக்குப் பாயிண்ட் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

"சீனாவில் சான்டா இருக்கிறதே, அதிலும் தூக்கிப் போடுகிறார்களே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நின்றபடி கழுத்தை நெரிப்பதும் கையைப் பூட்டுவதும் சான்டாவில் இல்லை. "காசுக்காகத் தொடங்கினார்" என்று இன்னொருவர். டிக்கெட் விற்காமல் எந்தக் குத்துச்சண்டை நடந்தது? இதற்கு மேல் பதில் சொல்ல விருப்பமில்லை.

"ஜப்பானைத் தாண்டி யாருக்குத் தெரியும்" என்பதுதான் எரிச்சலின் உச்சம். கே-1 மேக்ஸ் என்ற கிக் பாக்ஸிங் போட்டியில் இரண்டு முறை பட்டம் வென்ற நெதர்லாந்தின் ஆண்டி சவ்வர், ஷூட் பாக்ஸிங்கின் எஸ்-கோப்பையை நாலு முறை வென்றவர். தாய்லாந்தின் புவகாவ் 2010-ல் அதே கோப்பைக்கு வந்து, இறுதியில் அமெரிக்காவின் டோபி இமாடாவை வீழ்த்தி வாங்கிப் போனார். ரெனா என்ற பெண்ணைத் தெரியுமா? ஷூட் பாக்ஸிங்கில் வளர்ந்தவர். 2015 டிசம்பர் 31 அன்று ரிசின் என்ற ஜப்பானியப் போட்டியில், அடியும் பிடியும் தரைச்சண்டையும் கலந்த எம்.எம்.ஏ.வில் தன் முதல் சண்டையில், நின்ற நிலையிலிருந்தே பாய்ந்து எதிராளியின் கையைப் பூட்டி ஜெயித்தார். நின்றபடி பூட்டலாம் என்று விதி எழுதிய வீட்டுப் பெண் அப்படித்தான் ஜெயிப்பாள்.

அமெரிக்காவின் எம்.எம்.ஏ. போட்டியான யு.எஃப்.சி. முதன்முதலில் நடந்தது 1993 நவம்பரில். கே-1 தொடங்கியதும் அதே வருடம்தான். இந்த மனிதர் எட்டு வருடம் முன்னாலேயே தொடங்கி, அதை நாற்பது ஆண்டு விடாமல் நடத்தியிருக்கிறார். ஒரு விளையாட்டை இத்தனை காலம் சுமந்தவரைத் தேறாதவர் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? சிரித்தவர்களில் எத்தனை பேர் ஒரு மேட்சாவது முழுசாகப் பார்த்தீர்கள்? யாரோ ஒருவர் உங்கள் விதிக்குள் அடங்கவில்லை என்றால் உடனே குஸ்தி, கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்து வெளியே தள்ளிவிடுவீர்களா?

மாஸ்டர், நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு நான் போட்டது குஸ்தி இல்லை. அதற்குப் பெயர் ஓ-கோஷி, ஜூடோவில் இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போடும் வீச்சு. விழுந்தவன் எழுந்து வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனான். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள்.