மடையை அடைத்த கை

பழிவாங்குவது அறமா, அறமில்லையா என்ற பேச்சு வரும்போதெல்லாம், "மன்னித்துவிடு" என்று முதலில் சொல்பவர் யார் என்று நான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் அவர் அடிபடாதவர். அடித்தவனிடம் போய் "நீ செய்தது தப்பு" என்று சொல்லத் தயங்குகிறவரே, அடிபட்டவனிடம் வந்து பொறுமையின் பெருமையைப் பேசுகிறார். இந்த விஷயத்தில் என் கருத்து நான் செய்த ஒரு தவறிலிருந்து வந்தது என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டு மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கவில்லை. குறுவை போனது, அக்டோபரில் வந்த தண்ணீரை நம்பித்தான் சம்பா வைத்தோம். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ந்தது. எங்களுக்கு மேல்புறத்து வயல் அப்பாவின் பங்காளியுடையது. எனக்குப் பெரியப்பா முறை. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், எங்கள் முறை வந்த இரவுகளில், எங்கள் மடையைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அவர் அடைத்துவிட்டார். அப்பா அதைக் கண்டுபிடித்தபோது ஆறு மா, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலத்தில் பாதி பதராகிவிட்டிருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னோம். "பங்காளிக்குள்ள இதெல்லாம் சகஜம், விட்டுக்கொடுத்துப் போங்கப்பா" என்றார்கள். அப்பா நஷ்ட ஈடு கேட்கவில்லை. "அடைச்சேன்னு அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்" என்றார். அந்த வார்த்தையை வாங்கித் தர ஊரில் ஒருவரும் முன்வரவில்லை.

2005 நவம்பரில் வெள்ளம் வந்தது. பெரியப்பா வயலின் வடிகால் எங்கள் நிலத்தின் ஓரமாகத்தான் போகிறது. எனக்கு அப்போது இருபது வயது. ஓர் இரவு மண்வெட்டியோடு போய், வாழை மரத்துண்டுகளைப் போட்டு மண்ணை இழுத்து அந்த வடிகாலை அடைத்தேன். ஊரெங்கும் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டு நாள் அந்த வயல் மூழ்கிக் கிடந்தது. அந்த எட்டு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த வருடம் அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு, கீழத்தெருவைச் சேர்ந்த ஓர் அம்மா அந்த வயலில் இறங்கி, அழுகிய பயிரை ஒவ்வொரு குத்தாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. நாற்றம் வரப்பு வரைக்கும் அடித்தது. என்னைப் பார்த்ததும், "மழைய யார்கிட்டப்பா போய்க் கேக்குறது?" என்றார். பெரியப்பாவுக்குக் குத்தகை நெல் அடுத்த போகத்தில் பாக்கியோடு சேர்ந்து வந்துவிட்டது. அவருக்கு ஒரு மணிகூடக் குறையவில்லை.

பழி என்பது தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்துத்தான் பாய்கிறது. மேட்டில் நிற்பவனைக் குறிவைத்து வெட்டிவிட்டாலும் அது போய்த் தேங்குவது அவனுக்குக் கீழே இருப்பவர்களின் வயலில். பழிவாங்குவது அறமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். கோபம் கெட்டது என்பதால் அல்ல. அப்பாவின் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானே சாட்சியாகவும், நானே நீதிபதியாகவும், நானே தண்டிப்பவனாகவும் இருட்டில் நின்றேன். தடுத்து ஒரு கேள்வி கேட்க அங்கே யாருமில்லை. ஒருவர் கேட்டிருந்தால், "இந்த வருஷம் அந்த வயல்ல யார் சாகுபடி?" என்பதாவது என் காதில் விழுந்திருக்கும்.

பொறுமையைப் புகழும் வள்ளுவர்தான், கொடியவர்களை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பதைப் போன்றது என்றும் சொல்கிறார். தண்டனையை அவர் மறுக்கவில்லை. அதைத் தனி மனிதனின் கையிலிருந்து எடுத்து அரசின் கையில் கொடுக்கிறார். திருவாரூர்க் கோயிலை ஒட்டி நிற்கும் மனுநீதிச் சோழனின் கல்தேரைப் பார்க்கும்போதும் எனக்கு அரசனைவிடப் பசுவின் நினைவுதான் வருகிறது. கன்றை இழந்த அந்தப் பசு இளவரசனை முட்டப் போகவில்லை, மணியை அடித்தது. அடித்தால் கேட்கும் என்று அதற்கு நம்பிக்கை இருந்தது.

அடித்தும் கேட்காவிட்டால்? அதே திருவாரூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். காரும் நிலமும் உடைய பெரிய மனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருள்பட எழுதி, சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அவர்களில் முதன்மையானவர் 1980-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நான் கொண்டாட மாட்டேன், கொலை கொலைதான். ஆனால், அதைக் கண்டிக்க வாயெடுப்பவர் 1968-க்கும் 1980-க்கும் நடுவில் அந்த மக்களின் மணி யார் காதில் விழுந்தது என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். நீதியை மறுத்துவிட்டுப் பொறுமையை உபதேசிப்பது, இழைத்த கொடுமைக்கு மேல் இன்னொரு கொடுமை.

அதே வெண்மணியைப் பார்த்துவிட்டு இந்தப் பகுதிக்கு வந்தவர்கள்தான் காந்திய வழியில் நின்ற சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். 1981-இல் உழுபவர்களுக்கு நிலம் பெற்றுத் தர லாஃப்டி (LAFTI) என்ற அமைப்பைத் தொடங்கி, பெரிய பண்ணைகளின் நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கி, கூலிக்கு நடவு நட்ட பெண்களின் பெயருக்கே எழுதி வைத்தார்கள். அதை மன்னிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பழி என்றும் சொல்ல முடியவில்லை. பண்ணையின் பலமே நிலம்தான். அது கைமாறியது, பள்ளத்தில் இருந்த யாருடைய வயலும் அதனால் மூழ்கவில்லை.

நான் செய்ததை ஒரு மாதம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை, அன்றைக்கே என்னை அந்த அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். "வடிகாலை அடைச்சது நான்தான்" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அறுவடை முடிந்ததும் எங்கள் களத்திலிருந்து எட்டு மூட்டை நெல் அவர் வீட்டுக்குப் போனது. வாங்கிக்கொண்டார். என்னோடு பேச இரண்டு வருடமானது.

பெரியப்பா இப்போதும் எங்கள் வரப்பின் மேல் நடந்துதான் தம் வயலுக்குப் போகிறார். எதிரே வந்தால் அப்பா ஒதுங்கி வழி விடுகிறார். கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.