இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமலும் பாலிமார்பிசம் உண்டு
"இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமல் பாலிமார்பிசம் இல்லை" என்று பாலிமார்பிசம் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்ஹெரிட்டன்ஸ் என்பது ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸிடமிருந்து மெத்தட்களைப் பெறுவது; பாலிமார்பிசம் என்பது ஒரே அழைப்பு வெவ்வேறு டைப்களுக்கு அதனதன் விதத்தில் வேலை செய்வது. கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது; ஒரு இன்டர்ஃபேஸ் (இருக்க வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) கேட்கும் மெத்தட்கள் எல்லாம் ஒரு டைப்பில் இருந்தால் போதும், அந்த இன்டர்ஃபேஸ் வேண்டிய இடத்தில் அந்த டைப்பைத் தாராளமாக அனுப்பலாம். பைத்தானிலும் நாம் எழுதும் கிளாஸில் நீளத்தைச் சொல்லும் __லென்__ (__len__) மெத்தட்டைச் சேர்த்துவிட்டால், லிஸ்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் வேலை செய்யும் அதே லென் ஃபங்ஷன் அதற்கும் வேலை செய்யும். எப்போதும் அனிமல் என்ற பேரன்ட் கிளாஸ், அதிலிருந்து வரும் டாக், கேட் என்றே சொல்லிக்கொடுப்பதால்தான் புதிதாகப் படிப்பவர்கள் எதற்கெடுத்தாலும் ஒரு பேரன்ட் கிளாஸைத் தேடுகிறார்கள். ஓவர்லோடிங்கில், அதாவது ஒரே பெயரில் வெவ்வேறு பாராமீட்டர்களோடு பல மெத்தட்கள் இருக்கும்போது, எது ஓடும் என்று மேலே கேட்டவருக்கு: ஜாவாவில் எந்த ஓவர்லோட் என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும். ஆப்ஜெக்ட் என்று அறிவித்த வேரியபிளுக்குள் ஸ்ட்ரிங் இருந்தாலும், ஆப்ஜெக்ட் வாங்கும் மெத்தட்தான் ஓடும். ஓவர்ரைடிங்கில் (பேரன்ட் கிளாஸின் மெத்தட்டை சைல்ட் கிளாஸ் மாற்றி எழுதுவது) மட்டுமே உள்ளே இருக்கும் உண்மையான டைப்பைப் பார்க்கும்.