மஞ்சள் பூசுவதற்கு முன் மடையைப் பாருங்கள்

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு கிராமங்களும் அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்துவிட்டன. கண்டபடி மனை போடுவதைவிட, எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் முழுமைத் திட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் கிராமத்தில் வீடு பெருக வேண்டுமென்றால் திட்ட வரைபடத்தில் சாலையோர வயலுக்குக் குடியிருப்பைக் குறிக்கும் மஞ்சள் நிறம் பூசினால் போதும் என்கிற பார்வையை ஏற்க முடியாது.

இது ஏரிப் பாசன வட்டாரம். ஒரு ஏரி நிரம்பி, அதன் கலங்கலில், அதாவது உபரிநீர் வழியும் இடத்தில், வழிவதுதான் அடுத்த ஏரிக்கு வரத்து. ஏரியும் ஓடையும் புறம்போக்காகப் பதிவில் இருப்பதால் லேஅவுட்காரர் அவற்றை விட்டுவிட்டுத்தான் அனுமதி கேட்பார். ஏரியிலிருந்து பாசனத் தண்ணீர் திறக்கும் மடையில் தொடங்கி வயலுக்கு வயல் போகும் சின்ன வாய்க்கால் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். பல இடங்களில் நில அளவை வரைபடமான புலப்படத்தில் அதற்குக் கோடே கிடையாது. மூன்றடிக்குக் கிராவல் கொட்டி மேடாக்கியதும் அது மூடிப்போகும். தண்ணீர் வராத கடைமடைக்காரர் தரிசு போடுவார். இரண்டு போகம் கழித்து அதுவும் 'சாகுபடி இல்லாத நிலம்' என்ற பெயரில் மனையாகும்.

ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் வீடு வந்தபின் ஏரி நிரம்புவதே ஆபத்து என்றாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றதும் கலங்கலை உடைக்கச் சொல்லி நெருக்குவார்கள். ஏரி பாதியில் நிற்கும். சித்திரையில் அதே வீடுகளின் போர் கிணறு வற்றும்.

கழிவுநீர் இன்னும் மோசம். போருக்கும் கழிவுநீர்க் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். எதிரெதிர் மூலையில் வைத்துச் சமாளித்தாலும், பக்கத்து மனைக்காரரின் செப்டிக் டேங்க் உங்கள் போருக்குப் பத்தடியில் வந்து உட்காரும். வயல் களிமண் கழிவுநீரைச் சரியாக உறிஞ்சவும் செய்யாது. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் எந்த ஆண்டில் வரும் என்று சொல்லாமல் இந்த மனைகளுக்கு இடம் ஒதுக்கக் கூடாது.

கிராமத்தாருக்கு வீடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஊரின் குடியிருப்பு நிலமான நத்தத்தில் ஒரே மனையில் அண்ணன் தம்பி குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. அவர்களுக்கு ஊரை ஒட்டிய மேட்டுப் புஞ்சையில் இடம் ஒதுக்குங்கள். அனுமதி வாங்கி, கல் நட்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைகளை முதலில் எண்ணுங்கள். வரப்போகும் குடும்பங்களின் கணக்கில் அதைக் கழித்துவிட்டுப் புது நிலம் கேளுங்கள்.

1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் உண்டு. 'எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதினால் ஃபைலில் சேரும், அவ்வளவுதான். சர்வே எண், உட்பிரிவு, எந்த ஏரி, எந்த மடை என்று எழுதுங்கள். கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலை இணையுங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவரும் வாய்க்காலின் போக்கு தெரிந்தவருமான நீர்க்கட்டியை உட்கார வைத்து, புலப்பட நகலில் சிவப்பு மையால் வரைந்து வையுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளிருக்காது. அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு அந்த நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.