கப்ளரை வெட்டி வீசும் கைகளுக்கு

காரின் டேஷ்போர்டுக்குள் கை வைக்கிறவர் யாராக இருந்தாலும், கட்டிங் பிளேயரை எடுப்பதற்கு முன்பு அந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் பார்க்க மாட்டாரா? ஐப்பசி அடைமழையில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில், மருந்து விட்ட கண்களோடு அம்மா பின் இருக்கையில் சாய்ந்திருக்க, என் வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றுபோன அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இடையே போகிறவர்கள் அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு, ரயில் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கம். நானும் அணைத்தேன். கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. மீட்டர் விளக்குகள் மங்கி அணைந்தன. பின்னால் பேருந்துகளின் ஹாரன் காதைக் கிழித்தது. கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றி வந்த லாரியில் இருந்த நான்கு பேர், கொட்டுகிற மழையில் இறங்கி வந்து, “செகண்ட் கியரைப் போட்டுக் கிளட்சை விடுங்கண்ணே” என்று சொல்லித் தள்ளிவிட்ட பிறகே வண்டி கிளம்பியது. அந்த நால்வருக்கும் நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் புது பேட்டரி போட்டிருந்தேன். பழைய பேட்டரியும் இதே போலத்தான் படுத்தது. “பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க” என்றார்கள், மாற்றினேன். ஒரு பேட்டரி ஏன் போனது என்று கேட்காமல் அடுத்ததை விற்கிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இம்முறை நான் யாரிடமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இடையில் மின்னோட்டம் அளக்கிற மல்டிமீட்டரைச் சேர்த்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். சாவி இல்லாமல், விளக்கு எதுவும் எரியாமல், உறங்க வேண்டிய வண்டி 380 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. கடிகாரம், லாக், கணினிப் பெட்டி ஆகியவற்றின் நினைவகத்துக்காக ஒரு கார் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது இயல்பு. 380 என்றால் ஒரு நாளைக்கு 9 ஆம்பியர் மணிக்கு மேல் ஆகிறது. என் வண்டியின் பேட்டரியோ 35 ஆம்பியர் மணி. மழைக்குப் பயந்து மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டாலே முக்கால் பங்கு காலியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தபோது, ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கியவுடன் மீட்டர் 22-க்கு இறங்கியது.

அந்த ஆடியோ ஃபியூஸின் மறுமுனையில் இருப்பது, ஓராண்டுக்கு முன்பு நம் பகுதிக் கடை ஒன்றில் போட்ட ஆண்ட்ராய்டு பிளேயர் என்கிற தொடுதிரைப் பாட்டுப் பெட்டி. அன்றைக்கு நான் அருகிலேயேதான் நின்றேன். வேலை செய்த பையன், எந்த வயரில் மின்சாரம் வருகிறது என்று தேடுவதற்காக டெஸ்ட் லேம்ப்பின் கூர்முனையை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மஞ்சள் உறை போட்ட வயர்களுக்கு அருகில் கொண்டு போனபோது நான் சத்தம் போட்டுக் கையைப் பிடித்தேன். மஞ்சள் உறையும், வயர்களைச் செருகி இணைக்கிற மஞ்சள் கப்ளரும் ஏர்பேக்கினுடையவை. 2019 ஜூலையிலிருந்து இந்நாட்டில் விற்கிற ஒவ்வொரு புதுக் காரிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். என் வண்டி 2020-இல் வாங்கியது. ஏர்பேக்கின் உள்ளே இருப்பது ஒரு சிறு வெடிமருந்து. அதைப் பற்றவைக்கச் சிறிது மின்னோட்டம் போதும், அந்தச் சிறிது மின்னோட்டம் டெஸ்ட் லேம்ப்பின் பல்பு வழியாகவே போய்விடக்கூடும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து அதன் பிறகே அந்தப் பகுதியைத் தொட வேண்டும் என்பது இத்தொழிலில் அரிச்சுவடி. “பேட்டரியையாவது கழற்றிவிட்டுச் செய்யப்பா” என்றேன். “எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுறோம், ஒண்ணும் ஆகாது” என்றான். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை; அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலேயே அவன் கையில் டெஸ்ட் லேம்ப்பைக் கொடுத்து, கல்லாவில் உட்கார்ந்து பணம் எண்ணிய முதலாளியின் மீதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். அதற்குள் கம்பெனியில் வந்த கப்ளரை வெட்டிவிட்டார்கள். வயர்த் தோலைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தான் பையன். கப்ளர் எங்கே என்று கேட்டேன். குப்பைக் கூடையைக் காட்டினான். அதைத் தேடி எடுத்து வந்திருக்க வேண்டும், அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாரே என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

இந்த வெட்டு எவ்வளவு தேவையற்றது என்று விளங்க வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் பொருந்துகிற மாற்றுக் கப்ளர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் காரின் கப்ளரில் செருகும், மறுபக்கம் பிளேயரில் செருகும், ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காகவும், சரியான கப்ளரை வரவழைக்கிற இரண்டு நாள் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவும், பதினைந்து வயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள். நான் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்த வேலைக்கு நடந்தது இதுதான்.

பிளேயரை வெளியே இழுத்தபோது அதன் முதுகில் கோழி முட்டை அளவுக்குக் கறுப்பு டேப் உருண்டை ஒன்று தொங்கியது. வெயிலில் டேப்பின் பசை இளகி, விரலில் தாரைப் போல ஒட்டியது. பிரித்துப் பார்த்தால் முறுக்கிய செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஆண்டின் பெரும்பகுதியும் ஈரக்காற்று வீசுகிற ஊரில், கடற்கரை கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊரில், காற்று புகும்படி முறுக்கி வைத்த செம்பு வேறு எப்படி இருக்கும்? களிம்பு ஏறினால் அந்த இணைப்பில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். அறுவடை முடிந்த வயல்களிலிருந்து எலிகள் வீட்டுக்கும் வண்டிக்கும் படையெடுக்கிற தை மாசி மாதங்களில் இப்படித் தொங்குகிற வயர்கள் அவற்றின் வாய்க்கு வாகாகவும் அமைந்துவிடுகின்றன.

பேட்டரியைத் தின்ற காரணம் அந்த உருண்டைக்குள்ளேயே இருந்தது. வெளியில் வாங்குகிற பிளேயர்களில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய வழி, நினைவகத்துக்காக. சிவப்பு வயர், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய வழி. இது வந்தால்தான் பிளேயர் விழிக்கும், இது போனால் உறங்கும். காரின் சொந்த வயர்களுக்கு இந்த நிறக் கணக்கு பொருந்தாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் நிறங்களை வைத்துக்கொள்கிறது. சாவிக்குக் கட்டுப்பட்ட வயர் எது என்று தேடச் சலித்துக்கொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேரடி மின்சாரத்தில் கட்டிவிட்டிருந்தார்கள். திரை அணைந்திருக்கும்; உள்ளே பிளேயர் ஒரு நொடிகூட உறங்காது. ஹெட்லைட் போட்டால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய ஆரஞ்சு வயரை எதிலும் கட்டவே இல்லை. குடவாசல் பக்கம் தெருவிளக்கு இல்லாத சாலைகளில் இரவில் ஓட்டும்போது முகத்துக்கு நேரே டியூப் லைட் பிடித்தாற்போல் இருந்ததே, அதற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது.

இதையும் மன்னித்துவிடலாம், என் அப்பா இருந்திருந்தால் மன்னித்திருக்க மாட்டாத ஒன்றும் உள்ளே இருந்தது. அப்பா திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் மைக் செட் போட்டவர். என் காரில் நாதஸ்வரக் கச்சேரி கேட்கும்போதெல்லாம் தவிலின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் சடசடவென்று கேட்கும். இடப்பக்கமான தொப்பியின் கும்மென்ற அடி வயிற்றில் விழாது. பிளேயர் மட்டம் போலிருக்கிறது என்று ஓராண்டு பொறுத்துக்கொண்டேன். வயர்களைப் பிரித்தபின், அப்பா செய்வதைப் போல ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். செல்லின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் பாசிட்டிவில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும், மாறிப் பட்டால் உள்ளே இழுக்கும். இடது முன்கதவு ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தவிலின் தொப்பி காணாமல் போனது அப்படித்தான். இரண்டு வயரை இடம் மாற்றினேன். தொப்பி கேட்டது. தவிலுக்குப் பேர்போன மண்ணில் கடை வைத்திருப்பவர், ஒரு பாட்டைப் போட்டுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு வண்டியை ஒப்படைக்கக்கூடாதா?

நம் ஊர்களில் வயர் இணைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்களா என்றால், இல்லை. போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கும்போது கேபிளுக்கு இணைப்புப் போடுகிறவர்களைப் பாருங்கள். செம்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஒவ்வொரு வயரின் இணைப்பும் மற்றதன் இணைப்போடு ஒட்டாதபடி முன்பின்னாக வைத்துக் கட்டி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்னொரு டேப் சுற்றி, கையால் இழுத்துப் பார்த்த பிறகே குழிக்குள் விடுவார்கள். நூற்றைம்பது அடி ஆழத்தில் அந்த இணைப்பு தண்ணீருக்குள் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அது கெட்டால் மோட்டாரை மறுபடி வெளியே தூக்க வேண்டும், கருகுகிற பயிர் காத்திருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். டேஷ்போர்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற தைரியம் இந்தக் கடைக்காரர்களுக்கு.

சொந்தமாக வண்டியில் வேலை செய்வதற்கு நான் எதிரி அல்ல, நானே செய்கிறவன். முன்கண்ணாடியில் ஒரு கேமரா பொருத்தினேன். சாவிக்குக் கட்டுப்பட்ட ஃபியூஸ் ஒன்றின் இடத்தில், பழைய ஃபியூஸையும் புது ஃபியூஸையும் சேர்த்துச் செருகக்கூடிய இரட்டைப் பிடியைச் செருகி, அதிலிருந்து தனி வழி எடுத்தேன். எர்த்தை உள்ளே பாடியில் ஏற்கெனவே இருந்த போல்ட்டில் வளையம் வைத்து முடுக்கினேன். நாளை வண்டியை விற்க வேண்டுமானால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் கழன்று வந்துவிடும், கார் பிறந்தபடி இருக்கும். வீடியோவைப் பார்த்து வேலையில் இறங்குகிற தம்பிகள் பலர் இதற்கு மெனக்கெடுவதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியைச் சோதிப்பதற்காக உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் வேகம் காட்டும் மலிவுக் கருவிகளைச் செருகிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சாக்கெட்டின் 16-ஆம் முனையில் சாவி இல்லாமலும் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பதற வைப்பது ஃபியூஸ். வீட்டு ஃபியூஸ் கட்டை அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியாகச் சுற்றிப் பழகிய கை, காரிலும் அதையே செய்கிறது. மன்னார்குடியிலிருந்து தங்கை வீட்டு மாப்பிள்ளை போன வாரம் வந்திருந்தார். அவர் காருக்குள் நான் உட்கார்ந்ததும் ரப்பர் கருகுகிற வாசனை அடித்தது. கால் வைக்கிற இடத்தில் எல்.இ.டி. பட்டையும், இருக்கைக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் அவரே பொருத்தியிருந்தார்; இரண்டுக்கும் மின்சாரம் பழைய ஸ்டீரியோ வயரிலிருந்து. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. “பதினைஞ்சு போட்டா பாட்டைச் சத்தமா வைச்சதும் போயிடுது மச்சான், அதான் முப்பது போட்டேன், இப்ப போகவே இல்ல” என்றார். அந்த வயரை நான் தொட்டுப் பார்த்தேன். சூடாறாத தேநீர் டம்ளரைத் தொட்டது போல் இருந்தது, தோல் இளகி நகம் பதிந்தது. ஃபியூஸ் அந்த வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. 15 ஆம்பியர் தாங்குகிற வயரில் 25 ஆம்பியர் போனால், 30 ஆம்பியர் ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும், வயர் உருகும், பக்கத்து வயர்களும் சேர்ந்து உருகும். பின் இருக்கையில் அவருடைய இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைப் பூட்டுப் போட்ட கதவு உள்ளேயிருந்து திறக்காது.

இரவு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நின்றார். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து நேரே தடித்த கேபிள் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் வைத்து, பழைய இடத்தில் நீல ஃபியூஸைத் திரும்பப் போடும்வரை வண்டி நகராது என்று சொல்லிவிட்டேன். தங்கைக்கு என் மேல் வருத்தம்தான். அவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். வண்டி என் வீட்டுத் திண்ணை ஓரம் நிற்கிறது, கேபிள் நாளை வந்துவிடும், சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.