இரு கோடுகள் மட்டும் போதாது
கருமுட்டை வெளியேற்றத்தை அறியும் பட்டியில் இரண்டு கோடுகள் தெரிந்தாலே முட்டை வெளியேறிவிட்டது என்று உறுதிகொள்ளலாம் எனக் கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பட்டி காட்டுவது முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹோர்மோன் சிறுநீரில் உயர்ந்திருப்பதை மட்டுமே. முட்டை வெளியேறுவது பெரும்பாலும் அதற்கு 24 முதல் 36 மணித்தியாலங்களுக்குப் பின்னர்தான், சில வேளைகளில் ஹோர்மோன் உயர்ந்தும் அது வெளியேறாமலே போகலாம். கர்ப்பப் பரிசோதனையில் உரிய நேரத்துக்குள் தெரியும் மங்கலான கோட்டையும் பொருட்படுத்த வேண்டும், இங்கோ எல்.எச். உடலில் எப்போதும் சிறிதளவு இருப்பதால், இரண்டாவது கோடு, பட்டியில் எப்போதும் தெரியும் ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்காவது கருமையாக இருக்க வேண்டும். சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ள, அதாவது பி.சி.ஓ.எஸ். உள்ள என் தங்கைக்கு, வெள்ளவத்தையில் வாங்கிய பட்டிகள் மாதத்தின் பல நாட்களிலும் கருமையான கோட்டையே காட்டின. அவளும் கணவரும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கை கொண்டு தளர்ந்துபோனதை அருகிலிருந்து பார்த்தேன். வைத்தியர் ஸ்கேன் மூலம் சூலகத்தைத் தொடர்ந்து கவனித்து, முட்டை வெளியேறிய பின் உயரும் புரொஜெஸ்தரோன் ஹோர்மோனுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்வித்த பின்னரே முட்டை வெளியேறவில்லை என்பது தெரிந்தது, அந்நோயில் எல்.எச். வழமையாகவே உயர்ந்திருக்கலாம் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்க வேண்டும். கணவருடன் சேர, கோடு கருமையாகும் நாள் வரை காத்திருப்பதாக மேலே கருத்து எழுதியுள்ள சகோதரிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: முட்டை 12 முதல் 24 மணித்தியாலங்களே உயிர்ப்புடன் இருக்கும், விந்தணுவோ 5 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும், ஆகையால் கோடு கருமையாவதற்கு முந்திய நாட்களைத் தவறவிடாதீர்கள், 35 வயதைக் கடந்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருப்பதால், ஆறு மாதங்கள் முயன்றும் கரு தங்காவிட்டால் மேலும் பட்டிகள் வாங்காமல் மகப்பேற்று வைத்திய நிபுணரைச் சந்தியுங்கள்.